பொருநைக் கரையில் ஒரு மிதிவண்டிச் செலவு

முன்னுரை

ஓர் ஊரையும் அதன் ஆற்றையும் செவ்வையாக அறிந்துகொள்ளுதற்கு ஏற்ற ஊர்தி யாது என்று எங்கள் விடுதித் தாழ்வாரத்தில் ஒரு மாலை வாதம் எழுந்தது. பேருந்திற் சென்றால், சாளரத்தின் வழியே கண்ட குளம் அதன் பெயரைக் கேட்பதற்குள் மறைந்தொழியும். கால்நடையாகச் செல்லின் கண்டவை யாவும் நெஞ்சிற் பதியும். ஆயினும் நான்கு நாள் விடுமுறையில் நெடுந்தூரம் போய் மீளுதல் இயலாது. மிதிவண்டியோ இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். வரப்பில் நிற்பாரோடு பேசலாம். ஒரு நாளில் 50, 60 கிலோமீட்டர் வருந்தாமற் செல்லலாம்.

மேனாட்டார் இதனை நன்கு உணர்ந்துளர். இத்தாலி தேசத்தின் வடபாகத்தில் கார்தா என்னும் பேரேரியினின்றும் மிஞ்சியோ என்னும் ஆறு புறப்படுகின்றது. அவ்வேரிக் கரையிலுள்ள பெஸ்கியேராவிலிருந்து மாந்துவா நகர்வரை ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தூரம் ஆற்றையொட்டி மிதிவண்டிக்கு வழி உண்டு. இடையே பொர்கெத்தோ என்னும் சிற்றூரில் பழைய நீராலைகளைக் காணலாம். மாந்துவாவை அணுகுங்கால் நாணல் அடர்ந்த சதுப்பு நிலங்கள் எதிர்ப்படும். அந்நகரைச் சூழ்ந்த ஏரிகளோ, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆற்றைத் தடுத்து அமைக்கப்பெற்றவை. வெர்ஜில் என்னும் மகாகவி பிறந்த நாடு அது. கீழ்த்திசையினின்றும் கொண்டுபோன தாமரை இன்று அவ்வேரிகளிற் படர்ந்து மலர்கின்றது என்பது நமக்கு உவகை தரும் செய்தி.

ஆற்றங்கரை ஊர், பழைய ஆலை, நீர்நிலை ஆகிய மூன்றையும் ஒரே வழியிற் காட்டும் அப்பாதையைப் பற்றிப் படித்தபொழுது எங்களுள் ஒருவன், “இம்மூன்றும் நம் நாட்டில் இல்லையோ?” என்று வினவினான். அவ்வினாவுக்கு விடை தேடிச் சென்ற செலவின் பயனே இக்கட்டுரை.

புறப்பாடு

யாம் ஐவரும் சங்கரன்கோவிலைச் சேர்ந்தவர்கள். சங்கரநாராயணர் திருக்கோயிலாலும், கோமதியம்மையின் ஆடித்தபசு விழாவாலும் எம்மூர் பெயர்பெற்றது. 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. ஊருக்குள் தறியோசை. ஆறு என்று சொல்லிக்கொள்ள அருகில் இருப்பது நிட்சேபநதி ஒன்றே. கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் கோயிலையடுத்து ஓடி வைப்பாற்றிற் கலக்கும் அந்நதி, மழை பெய்த சின்னாட்கள் தவிர மணலாகவே கிடக்கும். ஆதலின் வற்றாத ஆறு ஒன்றைக் காண வேண்டுமாயின் யாம் தெற்கே பொருநையாகிய தாமிரபருணிக்கே செல்லவேண்டும்.

காலமாகத் தை மாதத்தைத் தெரிந்துகொண்டோம். ஆனி ஆடியில் மலை இடைவெளிகளின் வழியே வீசும் மேல்காற்று மிதிவண்டியை நகரவொட்டாது. அதன் வலிமைக்குச் சுரண்டை வட்டாரத்து வெளிகளில் நிற்கும் காற்றாலைகளே சான்று. தை மாதத்திலோ மழை ஓய்ந்திருக்கும். குளங்களில் நீர் இருக்கும். வடநாட்டுப் பறவைகளும் வந்து தங்கியிருக்கும்.

வண்டிகள் புதியன அல்ல. நான்கு, பதினோராம் வகுப்பிற் பயின்றபொழுது அரசினர் விலையின்றி அளித்தவை. ஒன்று எம்முள் ஒருவனுடைய தந்தையாரின் பழைய வண்டி. பஞ்சர் ஒட்டும் பெட்டி, காற்றடிக்கும் பம்பு, ஸ்பானர், குடிநீர், ஒரு குறிப்பேடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம்.

பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலையுடைய வீரசிகாமணியை அடையுமுன்னரே முதல் இடர் நேர்ந்தது. ஒரு குளக்கரையோரம் இரண்டு வண்டிகளின் சக்கரங்களில் ஒருங்கே முள் தைத்தது. பிடுங்கிப் பார்த்தால் சீமைக்கருவேல முள். நிமிர்ந்து நோக்கினோம். கரை மட்டுமன்று, குளத்தின் உட்புறமும் அம்மரமே அடர்ந்து, நீர் நிற்கும் இடம் எது என்றே தெரியவில்லை. அப்பொழுது எமக்கு முள்ளின்மேல் எழுந்த சினம் குளத்தின்மேல் இரக்கமாக மாறவில்லை. அது மாறியது திரும்பி வரும்பொழுதுதான்.

பின்னர்ச் சேர்ந்தமரம், சுரண்டை கடந்து, சிற்றாற்றைத் தாண்டிப் பாவூர்ச்சத்திரம் அடைந்தோம். பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையத்தில் நண்பகல் தங்கினோம். ஆழ்வார்குறிச்சி வழியே விக்கிரமசிங்கபுரம் சேர்ந்தபொழுது பொழுது சாய்ந்துவிட்டது.

ஆலையும் ஆறும்

விக்கிரமசிங்கபுரம் பாபநாசத்தின் அடிவாரத்து ஊர். இங்கே 1880களில் ஆண்ட்ரு ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துச் சகோதரர் ஒரு பஞ்சாலையை நிறுவினர். இவ்விடத்தை அவர்கள் தெரிந்துகொண்டது ஏன் என்னும் வினா ஆராயத்தக்கது. 1876ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இருப்புப்பாதை வந்துவிட்டது; ஆயின் அம்பாசமுத்திரம் பக்கத்திற்கு அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் எட்டியது. அஃதாவது, ஆலை எழுந்த காலத்தில் பஞ்சுப் பொதியும் நூற்கட்டும் மாட்டுவண்டியிலேயே ஏறியிறங்க வேண்டும். இருந்தும் ஆலை இங்கே எழுந்தது. காரணம் மலையினின்றும் வீழும் நீர்.

இதனைக் கணக்கினால் விளக்குவாம். நீரின் ஆற்றல், வீழும் அளவையும் வீழும் உயரத்தையும் பொறுத்தது. ஒரு நொடிக்கு 100 லிட்டர் நீர் 30 மீட்டர் உயரத்தினின்றும் வீழுமாயின், அதன் ஆற்றல் ஏறத்தாழ 29 கிலோவாட் ஆகும். சுழலியின் உராய்வு முதலிய இழப்புக்களைக் கழித்தாலும் 20 கிலோவாட்டுக்குக் குறையாது. நீரின் அளவு பத்து மடங்கானால் ஆற்றலும் பத்து மடங்காம். இவ்வாற்றலுக்கு நிலக்கரி வேண்டுவதில்லை. கப்பற் கூலி இல்லை. இதனினும் சிறந்தது ஒன்று உண்டு: சுழலியைச் சுற்றிய நீர் ஒரு துளியும் குறையாமல் மீண்டும் ஆற்றையே அடைகின்றது, கீழேயுள்ள உழவனுக்கு அதனால் இழப்பில்லை. பொர்கெத்தோவில் மாவரைத்த சக்கரத்திற்கும், பாபநாசத்தில் நூல் நூற்ற சுழலிக்கும் தத்துவம் ஒன்றே.

இவ்வாலைக்கும் எம்மூர்ப் பக்கத்து மண்ணுக்கும் உறவு உண்டு. கரிசற் பருத்தி ‘டின்னவேலி’ என்னும் பெயராலேயே அயல்நாட்டுச் சந்தைகளில் வழங்கிற்று. மழையை நம்பி விளைந்த பருத்தியும், மலையினின்று வீழ்ந்த நீரும் கூடிய இடமே ஆலை என்க. ஆறு இல்லாத ஊரார் என்று எங்களை யாமே எண்ணியிருந்த எமக்கு இது புதுமையாகத் தோன்றிற்று.

ஆலை என்றாற் சக்கரம் மட்டுமன்று, மாந்தரும் ஆவர். ஹார்வி சகோதரரின் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் 1908ஆம் ஆண்டு தொழிலாளர் செய்த வேலைநிறுத்தமும், அதற்கு வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றமையும் நாடறிந்தவை. அவர்கள் தோற்றுவித்த மதுரை ஆலைக் குழு 1974ஆம் ஆண்டில் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. விக்கிரமசிங்கபுரத்துத் தேநீர்க் கடையில் எம்மோடு உரையாடிய முதியவர் ஒருவர், “அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது, தம்பி. மில் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் அடுப்பு எரியும், மறுசங்குக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும்” என்றார். ஆலையைப் பற்றி யாம் கேட்டவற்றுள் மறவாதது இவ்வொரு வார்த்தையே.

பின்னர் 1944ஆம் ஆண்டில் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் தொடங்கிற்று. அதன் பயனாக ஆற்றின் ஆற்றல் கம்பி வழியே வேற்றூர்களுக்கும் சென்றது. ஆற்றின் அருகே ஆலை இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் அன்றோடு ஒழிந்தது.

அணையும் காலும் குளமும்

இரண்டாம் நாள் ஆற்றோடு கிழக்கு நோக்கிச் சென்றோம். பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலருகே கடலை அடையும் தாமிரபருணி ஏறக்குறைய 125 கிலோமீட்டர் நீளமே உடையது. இத்துணைச் சிற்றாறு ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்திற்கு நீர் ஊட்டுவது எவ்வாறு? விடை, தென்மேல் பருவமழை, வடகீழ்ப் பருவமழை ஆகிய இரண்டையும் அது பெறுவதும், நம் முன்னோர் அமைத்த அணைக்கட்டுக்களுமே.

மேலிருந்து கீழாக அவை கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு. இவற்றுள் கடையதாகிய ஸ்ரீவைகுண்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியிற் கட்டப்பெற்றது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை. இவை நீரைத் தேக்கி வைக்கும் பெரிய அணைகள் அல்ல. ஆற்றின் குறுக்கே தாழ அமைந்து, நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்திக் கால்வாயில் திருப்புவன. மிகுந்த நீர் அணையின்மேல் வழிந்து அடுத்த அணைக்குச் செல்லும். கால்வாய் நீர் நேரே வயலுக்கும், வழியிலுள்ள குளங்களுக்கும் பாயும். ஒரு குளம் நிரம்பினால் மறுகால் வழியே அடுத்த குளத்திற்கு ஓடும். இவ்வாறு கார், பிசானம் என்னும் இரு பூவும் விளைந்தன.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாம். குளம் என்பது தனித்து நிற்கும் பள்ளம் அன்று. கால்வாயாலும் மறுகாலாலும் கோக்கப்பெற்ற மாலையில் ஒரு மணி. இடையில் ஒன்றைத் தூர்த்தால், கீழேயுள்ளது வறளும், மேலேயுள்ளது உடையும்.

கன்னடியன் கால்வாயைக் கன்னட நாட்டார் ஒருவர் தம் பொருளைச் செலவிட்டு வெட்டுவித்தார் என்பது கரையோரத்து ஊர்களில் வழங்கும் கதை. அக்கால்வாய் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் முதலிய ஊர்களைக் கடந்து பத்தமடைப் பக்கம் செல்கின்றது. பத்தமடைப் பாய் உலகறிந்தது. 1953ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத்து அரசியாரின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகச் சென்றது. அப்பாய்க்கு மூலப்பொருள் ஆற்றங்கரையில் விளையும் கோரை. கோரையைக் கிழித்து, நீரில் ஊறவைத்து, உலர்த்திச் சாயமேற்றி நுண்ணிய பாவில் நெய்கின்றனர். ஈரநிலத்தைப் பயனற்றது என்பார் பத்தமடையில் ஒரு நாள் தங்கி, பாய் நெய்யும் பெண்டிரின் கைகளைக் காண்பாராக.

புள்ளினங்கள்

பத்தமடை சேர்வதற்கு முன் யாம் கண்ட ஊர் ஒன்றைத் தனியே கூறுதல் வேண்டும். கடனா நதி தாமிரபருணியோடு கூடும் இடத்தில் உள்ளது திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளேயுள்ள மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் கலைவல்லாரால் போற்றப்படுவன. ஆனால் அவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. ஆற்றங்கரை மரங்களில் நாரை, கொக்கு, மடையான், வக்கா, நீர்க்காகம் முதலியன கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைக் காத்து வந்தனர். அதனால் 2005ஆம் ஆண்டில் அவ்விடம் பறவைகள் பாதுகாப்புக்குரிய இடமாக அறிவிக்கப்பட்டது. இவ்வகையில் இந்தியாவிலேயே முதலாவது இதுவே. பரப்போ ஏழு ஏக்கர் அளவே! காடு பெரிதாயிருந்தாலன்றிப் புள்ளைக் காக்கவியலாது என்னும் எண்ணம் எம்மை விட்டு அகன்றது.

மூன்றாம் நாள் திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் சென்றோம். கூந்தன்குளமும் காடன்குளமும் சேர்ந்த இச்சரணாலயம் 1994ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 2021ஆம் ஆண்டு இடம்பெற்றது. மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமின்றி, ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சம் ஓட்டின்மேல் வீழ்கின்றது. குஞ்சுகளின் இரைச்சல் உறக்கத்தைக் கெடுக்கின்றது. அவ்வூரார் அதனைப் பொறுக்கின்றனர். தீபாவளிக்கு வெடியும் வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலோ வயலுக்குச் சிறந்த உரமாகின்றது. பொறுமைக்கும் பயனுக்கும் இடையே அவர்கள் கண்ட இவ்வொழுங்கு எந்தப் பாடநூலிலும் யாம் படியாதது.

இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துக்களையும் இக்குளத்தில் காணலாம். நடு ஆசியாவின் உயர்ந்த ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தெற்கே வரும் பறவை அது. அத்துணைத் தொலைவு பறந்து வந்தபின், தான் இறங்கவேண்டிய குளம் வீட்டுமனையாக மாறியிருக்குமாயின் அப்புள் எங்கே செல்லும்?

திரும்பிய வழி

நான்காம் நாள் சுலோசன முதலியார் பாலத்தின்மேல் நின்று ஆற்றைக் கண்டோம். 1843ஆம் ஆண்டில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அவர் கட்டுவித்த பாலம் இது. அதற்குமுன் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே வெள்ள நாளில் ஓடமே கதி. அத்தகைய ஆற்றில் இன்று நகரத்துக் கழிவுநீர் கலக்கின்றது. பாபநாசத்தில் கல் தெரியும்படி ஓடிய நீர், இங்கே நிறம் மாறி ஓடுவதை மூன்றே நாளில் ஒருங்கே கண்ட எங்களால் ஏதும் பேச முடியவில்லை.

ஆறு தன்னை மறந்தாரை ஒறுக்கவும் செய்யும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரு நாளைக்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. குளங்கள் உடைந்தன, ஊர்கள் நீரில் மிதந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன புகைவண்டியில் ஏறத்தாழ 800 பேர் தவித்தனர். அத்தகைய மழையை எந்தக் குளமும் முழுதும் தாங்காது என்பது உண்மையே. ஆயினும் ஆழமும் கரையும் மறுகாலும் செவ்வையாயுள்ள குளம் வெள்ளத்தின் வேகத்தைச் சிறிதேனும் தணிக்கும். தூர்ந்த குளம் அதையும் செய்யாது.

பின்னர் மானூர் வழியே ஊர் நோக்கித் திரும்பினோம். மானூரில் ஊர்ச்சபையில் அமர்வோர்க்கு இருக்கவேண்டிய தகுதிகளைக் கூறும் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு உள்ளது. ஊரின் பொதுக்காரியத்தைப் பார்ப்பவர்க்குத் தகுதி வேண்டும் என்று ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தனர்!

எம்மூரை அணுகுங்கால், ஊர்ப்புறத்துக் குளம் ஒன்று கண்ணிற் பட்டது. சிறுவயது முதல் நாள்தோறும் கடந்து சென்ற குளமே அது. பாதி சீமைக்கருவேல், ஒரு மூலையில் குப்பை மேடு. ‘இப்பாழ்நிலத்தை மேடாக்கி ஏதேனும் கட்டினால் ஊருக்கு நல்லது’ என்று ஊரிற் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். மறைப்பானேன்? யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்; எம்முள் ஒருவன் பள்ளியில் அதனையே கட்டுரையாக எழுதிப் பரிசும் பெற்றவன். அன்று அவனே முதலில் வண்டியை நிறுத்தினான். எஞ்சிய பாதியில் முழங்கால் அளவு நீர் நின்றது. ஒரு நாழிகை நேரம் கரையில் அமர்ந்து எண்ணினோம். கொக்கு, மடையான், நீர்க்கோழி, உள்ளான், முக்குளிப்பான், நீர்க்காகம் எனக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிரம்பிற்று. பறவைகள் எம்மினும் முன்னரே அக்குளத்தை மதித்திருந்தன.

மறுநாள் மீண்டும் சென்று, அதற்கு நீர் வரும் ஓடை எங்கே அடைபட்டது, மறுகால் எத்திசையிற் போகின்றது என்பவற்றை முதியோரிடம் கேட்டுப் படம் வரைந்தோம். மறுகாலின் வழியில் இப்பொழுது மதிற்சுவர் ஒன்று நிற்கின்றது. சுவரை அகற்றும் அதிகாரம் எமக்கில்லை. ஆனால் அங்கே மறுகால் இருந்தது என்று தேதியிட்டு எழுதிவைக்கும் கடமை உண்டு.

முடிவுரை

மாணவ நண்பர்களே, பொருநைக் கரையை மிதிவண்டியிற் காண விரும்புவோர்க்குச் சில கூறி முடிப்பாம். தையிலோ மாசியிலோ செல்லுக. விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறியபின் நிழலில் தங்குக. நெடுஞ்சாலையை விடுத்துக் கால்வாய்க் கரையின் சிறு சாலைகளைத் தெரிந்துகொள்க. கூடு கட்டிய மரத்தடியிற் கூச்சலிடாதீர். ஒவ்வோர் ஊரிலும் முதியவர் ஒருவரிடமேனும், ‘இந்நீர் எங்கிருந்து வருகின்றது? எங்கே போகின்றது?’ என்னும் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். தாமிரபருணிப் படுகையின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டு முதல் தைப்பொங்கலையொட்டி நடைபெற்று வருவதாகும். அதிற் கலந்துகொள்வோர் பறவைகளின் பெயர்களைக் கற்கும் நல்வாய்ப்பைப் பெறுவர்.

மிஞ்சியோவின் கரையை என்றேனும் ஒரு நாள் காண எமக்கும் ஆசை உண்டு. எனினும் அங்கே சென்றாலும் முதலிற் கேட்கப்போவது அவ்விரண்டு வினாக்களையே. அதற்குமுன் நிட்சேபநதியின் மணலில், அது பிறக்கும் மலையடியிலிருந்து வைப்பாற்றைச் சேரும் இடம்வரை, அடுத்த விடுமுறையிற் செல்ல எண்ணியுள்ளோம். நீர் இல்லாத ஆற்றில் காண்பதற்கு என்ன உளது என்று கேட்பார்க்கு, நீர் எங்கே நின்றது என்பதைக் காணலாம் என்பதே எம் விடை. பழைய வண்டிக்குப் புதிய டயர் இரண்டு வாங்கியாயிற்று.